பானட் சுவாமிகளும் பின்சீட்டு மருமகளும்

கார்களுக்கும் பேய் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் நீங்கள் அதிகம் படிக்காதவராகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் பானட் சுவாமிகளின் கொட்டகை வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலை வரிசைகட்டி நின்ற அத்தனை பேரும் படித்தவர்கள். பல் டாக்டர் ஒருவர், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், வேதியியல் பேராசிரியர் ஒருவர், வங்கி மேலாளர்கள் மூன்று பேர். ஆளுக்கொரு பழைய கார். ஒவ்வொன்றுக்கும் வயது ஐம்பதுக்கு மேல். பெண்டாட்டி பிள்ளைகளுக்குக்கூடக் கிடைக்காத சீராட்டில் ஒவ்வொன்றும் பளபளவென்று மின்னியது.

வரிசையில் எட்டாவதாக நின்றது ஒரு பச்சைக் கார். பெயர் மகாராணி. அதன் பின்சீட்டில், மடியில் சாப்பாட்டுக் கூடையை வைத்துக்கொண்டு, அந்த வீட்டு மருமகள் உட்கார்ந்திருந்தாள். பேய் பிடித்திருப்பதோ காருக்கு. விசாரணைக்கு அழைத்து வரப்பட்டிருப்பதோ இவள்.

கொட்டகை என்பது மூடிப்போன மரக்கடை ஒன்றின் பின்கட்டு. தகரக் கூரை, சிமெண்ட் தரை, தரையெல்லாம் எண்ணெய்க் கறை. அந்தக் கறையை யாரும் மிதிக்க மாட்டார்கள். பேய்கள் ஒழுகிப் போன தடமாம் அது. நீதிபதி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கறையாகத் தாண்டித் தாண்டிப் போனார்.

சுவாமிகளின் வைத்தியத்துக்கு ஒரு கிரமம் உண்டு. வந்த கார் வாசலிலேயே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். முன் மூடியை, அதாவது பானட்டை, திறக்கவே கூடாது. பத்து நிமிடம் அப்படியே வாய்மூடி நிற்க வேண்டும். பிறகு தொந்தியும் தோள்துண்டுமாக ஒரு சீடர் வந்து சாவியைத் திருகுவார். கர்... கர்... கர்... அவ்வளவுதான். அதுவரை குதிரையாக ஓடி வந்த கார் அதற்குமேல் அசையாது.

"பாத்தீங்களா! சுவாமியைப் பார்த்ததும் உள்ள இருக்கறது எப்படி நடுங்குது பாருங்க!" என்பார் சீடர். கூட்டத்துக்குப் புல்லரிக்கும்.

அப்புறம்தான் சுவாமிகள் எழுந்து வருவார். பானட்டைத் திறப்பார். பித்தளைக் குடத்துத் தண்ணீரில் துணியை நனைத்து, பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டர் மேல் போர்த்துவார். கண்ணை மூடி மந்திரம் தொடங்குவார். முக்கால் மணி நேரம். ஒரு நிமிடம் கூடாது, குறையாது. மந்திரம் எந்த மொழி என்று யாருக்கும் தெரியாது. நீதிபதிக்கு அது சமஸ்கிருதம், பேராசிரியருக்கு லத்தீன். முடிந்ததும் சீடர் மறுபடி சாவியைத் திருகுவார். வண்டி சிங்கமாக உறுமும். கைதட்டல், கண்ணீர், காணிக்கை. கடைசியாக ஆளுக்கொரு காப்புத் தகடு. ஒரு முழ நீளம், ஒரு சாண் அகலம், கட்டம் கட்டமாகக் கோடு கீறிய அலுமினியத் தகடு. அதைப் பின்சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டால் பேய் திரும்பி வராதாம். வந்தால்? நம்பிக்கை போதவில்லை என்று அர்த்தம். இன்னொரு தகடு வாங்க வேண்டும். மகாராணியின் பின்சீட்டுக்கு அடியில் ஏற்கெனவே மூன்று தகடுகள் இருந்தன. மருமகள் குண்டு குழிகளில் அவற்றின் மேல்தான் குதித்து வந்தாள்.

மகாராணியின் முறை வந்தது. சுவாமிகள் பானட் மேல் காதை வைத்துக் கேட்டார்.

"இந்த வண்டியில அடிக்கடி ஏறுற பொம்பள யாரு?"

மாமனார் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். முப்பத்தைந்து வருடம் தேர்வுத் துறையில் மேற்பார்வையாளராக இருந்தவர். அரை நிமிடம் பிந்தி வந்த பிள்ளையைக்கூடத் தேர்வறைக்குள் விட்டதில்லை. கட்டம் போட்டு எழுதினால்தான் அவருக்கு எதுவுமே நடந்ததாகக் கணக்கு.

"சுவாமி, என் மருமகளைக் கூட்டிட்டு வர அவ வேலை பாக்கற இடத்துக்கு சாயங்காலம் போவேன். இருபத்தாறு தடவை ஏறியிருக்கா. அதுல இருபத்திரெண்டு தடவை வண்டி நின்னுபோச்சு. அவ ஏறாத நாள்ல நான் மட்டும் ஏரிக்கரை சுத்திட்டு வருவேன். முப்பது நாள். ஒரு தடவைகூட நிக்கல."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. "கணக்கு பொய் சொல்லாது சார்," என்றார் வேதியியல் பேராசிரியர், மருமகளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே.

சுவாமிகள் பெருமூச்சு விட்டார். "இந்த வண்டியும் இந்தப் பொண்ணும் ஒரே கூரைக்குக் கீழ இருக்க முடியாது. ஒரு வருஷத்துக்கு ரெண்டுல ஒண்ணு வீட்டை விட்டுப் போகணும்."

மாமனார் அதிர்ந்து போனார். மகாராணியின் விளக்குக் கண்ணாடியைத் தடவிக் கொடுத்தார். "இவ எங்க சுவாமி போவா? இவளுக்கு யார் இருக்கா?"

"மருமகளுக்கு அம்மா வீடு இருக்கு இல்ல?" என்றார் சுவாமிகள்.

ஒரு விநாடியில் குடும்பப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு வருஷம்தானே. நான் வாராவாரம் வந்து பாக்கறேன். அப்பாவுக்கு வண்டி தள்ள ஆள் வேணும் இல்ல?"

 கல்யாணமாகி இரண்டு வருடம். அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு அலமாரி, ஜன்னலோரம் ஒரு நாற்காலி, மாமியாரோடு சேர்ந்து பார்க்கும் ஒரு தொடர் என்று ஏதேதோ வேர் பிடித்திருந்தது. இப்போது இரும்புச் சாமான் ஒன்று அவளைவிட வேண்டியதாகப் போய்விட்டது. அழுதால் இந்தக் கூட்டம் அதையும் பேயின் கணக்கில் எழுதிக்கொள்ளும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் அங்கிருந்தே அம்மா வீட்டுக்குப் போவது என்று தீர்மானமாயிற்று.

அவள் வேலை பார்த்தது ரொட்டிக் கடைகளுக்குப் பெரிய மின்னடுப்புகள் செய்யும் பட்டறையில். தகடு வெட்டுவது, மடிப்பது, முடுக்குவது அவள் வேலை. திங்கட்கிழமை புது அடுப்பு ஒன்றைச் சூடேற்றிச் சோதித்துவிட்டு நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பழக்கதோஷத்தில் மேல் தகட்டில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அடுப்பு ஓடிக்கொண்டிருந்தபோது தொட முடிந்த தகடு, நிறுத்தின பிறகு பொசுக்கியது.

அவளுக்கு இது புதிதல்ல. அடுப்பு ஓடும்போது விசிறி காற்றடித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் விசிறியும் நின்றுவிடும். உள்ளே இருக்கிற சூடெல்லாம் மெதுவாக மேலே ஏறும். பத்து நிமிடம் கழித்துத்தான் மேல் தகடு அதிகமாகச் சுடும். அதற்காகத்தான் நடுவில் இன்னொரு தகட்டை இடைவெளி விட்டு வைப்பார்கள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே விரலை ஊதியவள், ஊதுவதை நிறுத்திவிட்டாள். பத்து நிமிடமா?

அன்று சாயங்காலம் வீட்டில் மாமனாரின் நோட்டைப் புரட்டினாள். தேதி இருந்தது. கிழமை இருந்தது. ஏறியவர் யார், என்ன நிறப் புடவை, எந்தக் காலை முதலில் வைத்தாள் என்பதற்குக்கூடக் கட்டம் இருந்தது.

"மாமா, நீங்க என் பட்டறை வாசலுக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

"அஞ்சு இருபது. நீ வெளிய வர்றது அஞ்சரை. பத்து நிமிஷம் முன்னாடியே இருக்கணும். ரூல்னா ரூல்தான்."

"அந்தப் பத்து நிமிஷம் இன்ஜின் ஓடுமா?"

"பெட்ரோல் என்ன சும்மாவா வருது? நிறுத்திடுவேன்."

"ஏரிக்கரைக்குப் போனா?"

"அங்க எதுக்கு நிறுத்தணும்? நிக்காம ஒரு சுத்து, நேரா வீடு."

"நின்னுபோகாத அந்த நாலு நாள்?"

"நீ சீக்கிரமா வந்து வாசல்லயே நின்ன. நிறுத்தாமலே ஏத்திக்கிட்டேன்."

"அப்போ வண்டி நிக்கறது நான் ஏறினதால இல்ல மாமா. நீங்க நிறுத்தினதால."

மாமனார் நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். நிறுத்தின பத்து நிமிடத்துக்கு அதில் கட்டமே இல்லை. கட்டத்தில் இல்லாத ஒன்று உலகத்தில் இருக்க முடியாது என்பது அவர் கட்சி.

புதன்கிழமை பட்டறைக்கு விடுமுறை. மருமகள் வீட்டிலேயே இருந்துகொண்டாள். கணவனிடம் கெஞ்சிக் கூத்தாடி, தனக்குப் பதிலாக ஒரு உருளைக்கிழங்கு மூட்டையை டிக்கியில் வைத்து அனுப்பினாள். பட்டறை வரைக்கும் போக வேண்டும், நிறுத்த வேண்டும், பத்து நிமிடம் கழித்து மூட்டையை அவள் இடத்தில் ஏற்றிக் கிளம்ப வேண்டும். மாமியார் சாட்சிக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் மகாராணியைத் தள்ளிக்கொண்டு தெருமுனையில் வந்தார்கள். மூட்டை மட்டும் சௌகரியமாக உள்ளே உட்கார்ந்திருந்தது.

"கிழங்குக்கும் ராசி இல்லையாடா?" என்று மாமியார் மூச்சு வாங்கிக்கொண்டே மகனைக் கேட்டாள். அன்றிலிருந்து அவள் மருமகள் பக்கம்.

மாமனார் உடனே சுவாமிகளுக்குப் போன் போட்டார். சுவாமிகளிடம் பதில் இல்லாத கேள்வி உண்டா? "மூட்டையை வாங்கினது யாரு? அவதானே? அவ கைபட்ட தோஷம் கிழங்குல ஒட்டியிருக்கு" என்றார். அன்று இரவுச் சாப்பாட்டில் மாமனார் கிழங்கைத் தொடவில்லை.

"சரி மாமா," என்றாள் மருமகள். "நான் போறேன். ஆனா ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு தடவை பாத்துடலாம். எந்தத் தோஷமும் ஒட்டாத ஒருத்தர் என் இடத்துல உக்காரட்டும்."

"அப்படி யார் இருக்கா?"

"சுவாமிதான். வேற யாரு?"

இதற்கு மாமனாரால் எப்படி இல்லை என்று சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இரண்டு மடங்கு. மருமகளை வழியனுப்பும் வைபவத்தைப் பார்க்க ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவளுடைய பெட்டியைக் கணவன் தலைகுனிந்து தூக்கி வந்தான். மகாராணி ஊரைச் சுற்றிச் சூடாக வந்து நின்றது. இன்ஜினை நிறுத்தினார்கள். மாமனார் கூட்டத்தின் நடுவில் கும்பிட்டு, சுவாமிகளே பின்சீட்டில் அமர்ந்து அருள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

சுவாமிகள் ஒரு கணம் விழித்தார். பிறகு சீடரைப் பார்த்தார். சீடர் வானத்தைப் பார்த்தார். இருநூறு ஜோடிக் கண்கள் பார்க்கும்போது பின்சீட்டுக்குப் பயந்த சாமியார் என்று பெயர் வாங்க முடியுமா? ஏறி உட்கார்ந்தார். பத்து நிமிடம் ஆனது. மாமனார் சாவியைத் திருகினார்.

கர்... கர்... கர்...

"அவ பாத்துட்டே நிக்கறா! அவ பார்வை!" என்று சுவாமிகள் உள்ளிருந்து கத்தினார்.

மருமகள் தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கத்து மதில் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மாமனார் மறுபடி திருகினார்.

கர்... கர்... கர்...

 மாமனார் மெதுவாக இறங்கினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நோட்டை எடுத்து, உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "ஏறியவர்: பானட் சுவாமிகள். உடை: காவி. முதலில் வைத்தது: வலது கால். விளைவு: வண்டி நின்றது."

பிறகு பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, மிகுந்த பணிவோடு கேட்டார்: "சுவாமி, உங்க அம்மா வீடு எங்க இருக்கு?"

"என்னது?"

"ஒரு வருஷம் நீங்க அங்க போய் இருக்கணும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. என்ன பண்றது, ரூல்னா ரூல்தான்."

மாமனார் கிண்டல் செய்யவில்லை. அவருக்குக் கிண்டல் தெரியாது. அதுதான் சுவாமிகளைக் கொன்றுவிட்டது. முதலில் சிரித்தது பல் டாக்டர். பிறகு கொட்டகையே சிரித்தது.

சுவாமிகள் சீட்டிலிருந்து குதித்து இறங்கினார். "மந்திரத்தால இப்பவே எழுப்பிக் காட்டறேன்!" என்று பானட்டைத் திறந்து, துணியைக்கூட மறந்து, கூவத் தொடங்கினார். அவசரத்தில் மந்திரம் வழக்கத்தைவிடத் தெளிவாக வந்தது. மாமியார் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இரு இரு. மார்க்கெட்டம், ஆஸ்பத்திரியம், பாலமுகம், பள்ளிக்கூடாயம்... இது ஏழாம் நம்பர் வேன் இல்ல? முப்பது வருஷம் அதுலதான் போனேன். பாலத்துக்கு அடுத்து தண்ணித் தொட்டி, அப்புறம்தான் பள்ளிக்கூடம். ஒரு ஸ்டாப்பை முழுங்கிட்டீங்களே சாமி!"

லத்தீன் கேட்ட பேராசிரியர் தன் செருப்பைப் பார்த்தார். மந்திரம் நின்றது.

"இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றாள் மருமகள், தெருவைக் கடந்து வந்து. "துணியும் வேண்டாம். மூடி மட்டும் திறந்தே இருக்கட்டும்." பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கூடையிலிருந்து செய்தித்தாளை எடுத்துப் பிரித்தாள். தலைப்புச் செய்தியிலிருந்து வரிவிளம்பரம் வரைக்கும் படித்தாள். முக்கால் மணி நேரம் ஆனதும் "திருகுங்க மாமா" என்றாள். மகாராணி சிங்கமாக உறுமியது. வரிவிளம்பரத்துக்கும் அருள் உண்டு போலிருக்கிறது.

"இது ஆறவெச்சா ஓடும்னுதான் காட்டுது," என்று அவள் இறங்கினாள். "ஆனா தினம் முக்கால் மணி நேரம் யார் காத்திருக்கறது? பேப்பரும் தீந்துடும். இங்க பாருங்க. இந்தக் குழாய்ல புகை கொதிக்கக் கொதிக்கப் போகுது. அதுக்கு நேர் மேல கார்புரேட்டர். வண்டி ஓடும்போது காத்து அடிக்குது, புதுப் பெட்ரோல் வந்துட்டே இருக்கு. நிறுத்தினா காத்து இல்ல. சூடு மேல ஏறி உள்ள இருக்கற பெட்ரோலே கொதிச்சுடுது. அப்புறம் எப்படிக் கிளம்பும்? நடுவுல ஒரு தகடு வேணும். அவ்வளவுதான்."

"தகடா?" என்றார் நீதிபதி. "தகடு எங்ககிட்டயே இருக்கே!"

"இருக்கு. சீட்டுக்கு அடியில இருக்கு."

கூடையிலிருந்து அவள் எடுத்தது அதே காப்புத் தகடுதான். வாரம் முழுக்க மதிய இடைவேளையில் அதை வெட்டி வைத்திருந்தாள். நடுவில் இரண்டு பெரிய துளை, சுற்றிலும் போல்ட்டுக்கு நாலு துளை, ஆக்சிலேட்டர் கம்பி இடிக்காமல் போய்வர ஓரத்தில் ஒரு வெட்டு. கார்புரேட்டர்கள் இரண்டையும் கழற்றினாள். இடுக்கு அடைக்கும் பழைய பேக்கிங் அட்டையைச் சுரண்டி எடுத்தாள். தகட்டுக்கு முன்னும் பின்னும் புதுப் பேக்கிங் வைத்து, தகடு சேர்ந்ததால் கொஞ்சம் நீளமான போல்ட்டாகப் போட்டு முடுக்கினாள். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர் மாமனார். நோட்டு அவர் கக்கத்தில் இருந்தது. கீறிய கட்டங்களெல்லாம் மறுபக்கம் போய், பளபளப்பான பக்கம் சூடு வரும் திசையைப் பார்த்து நின்றது. சுவாமிகள் விற்ற சரக்கில் ஒரு பழுதும் இல்லை. வைக்கச் சொன்ன இடம்தான் தப்பு.

ஊரைச் சுற்றி ஒரு ஓட்டம். திரும்பி வந்து நிறுத்தினார்கள். மூடியைத் திறக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மருமகள் பின்சீட்டில் ஏறினாள். இடது காலை வைத்துத்தான் ஏறினாள். மாமனார் சாவியைத் திருகினார். முதல் திருகலிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அவர் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தார். நோட்டைத் திறந்து, இருபத்தாறு வரிகளிலும் அவள் பெயரை ஒவ்வொன்றாக அடித்தார். "தப்பா திருத்திட்டேம்மா," என்றார்.  முப்பத்தைந்து வருடத்தில் அவர் யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது. கணவன் யாரும் சொல்லாமலே பெட்டியை எடுத்து டிக்கியில் வைத்தான். அவனை இன்னும் மன்னிக்கவில்லை என்பது அவள் பார்வையிலேயே தெரிந்தது.

இதற்குள் சுவாமிகள் காவியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, சட்டையும் கால்சட்டையுமாகப் பின்வாசலை நோக்கி நழுவிக்கொண்டிருந்தார். வழியில், காரிலிருந்து இறங்கிவந்த மருமகளைப் பார்த்ததும் நின்றார்.

"பெட்ரோல்ல ஓடற அந்த ஏழாம் நம்பர் வேனை ஓட்டினவன்தாம்மா நான். வண்டி நின்னா மூடியைத் திறந்து ஈரத்துணி போடுவேன், கொஞ்ச நேரத்துல கிளம்பிடும். இதைத்தான் ஊரெல்லாம் சும்மா சொல்லிப் பாத்தேன். வெறும் ஈரத்துணின்னு சொன்னப்போ ஒருத்தரும் காது கொடுத்துக் கேக்கல. மந்திரம்னு சொன்னதும் வரிசைல நின்னாங்க."

"அதுக்காக என்னை வீட்டை விட்டு அனுப்புவீங்களா?" என்று கேட்டாள்.

அவர் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா வீட்டுக்கோ என்னவோ.

"நீ முன்சீட்டுல வந்து உக்காரும்மா," என்றார் மாமனார்.

"வேண்டாம் மாமா. சாவியைக் குடுங்க."

மாமனார் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் போய், மீதித் தகடுகள் இரண்டின் மேலும் உட்கார்ந்தார். மருமகள் கண்ணாடியைச் சரிசெய்து கியரைப் போடப் போனபோது, கூட்டம் காரைச் சூழ்ந்துகொண்டது. ஆளாளுக்குத் தங்கள் சீட்டுக்கு அடியிலிருந்து உருவிய தகடு கையில். ஜன்னலில் குனிந்தவர் வேதியியல் பேராசிரியர்.

"ஏம்மா, இந்தத் தகட்டை எந்தக் கிழமையில மாட்டினா விசேஷம்?"

"முடுக்கும்போது என்ன சொல்லணும்?" என்றார் பின்னாலிருந்து நீதிபதி. "நீயே கைதொட்டுக் குடுத்துட்டா இன்னும் நல்லது."

மருமகள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார், காருக்குச் சூடு ஏறினா மூடியைத் திறந்து வெக்கணும்னு இப்போ தெரிஞ்சுக்கிட்டீங்க. உங்க கழுத்துக்கு மேலயும் ஒரு மூடி இருக்கு. வாங்கின நாள்லேர்ந்து திறந்ததே இல்ல போலிருக்கு. முதல்ல அதைத் திறந்து, உள்ள இருக்கறது ஓடுதான்னு பாருங்க."

மகாராணி எண்ணெய்க் கறைகளின் மேலேயே ஏறிப் போயிற்று.